எட்டு கிலோ வைக்கோல்

மகள் வீட்டு வைக்கோல் ஆடு டிசம்பர் முதல் தேதி பதினொரு கிலோ இருந்தது. இருபத்து மூன்றாம் தேதி நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தது. இடைப்பட்ட நாட்களில் அதற்கு யாரும் ஒரு பிடி புல் வைக்கவில்லை, ஒரு வாய் தண்ணீர் காட்டவில்லை. எடைகளைச் சந்தேகப்பட வேண்டாம். போட்டவர் முப்பத்து நான்கு வருஷமாக ஊர் எல்லையில் லாரிகளை எடை போடுகிறவர். காலி வண்டி எடைமேடையில் ஏறும்போது ஒரு எடை, பாரத்தோடு ஏறும்போது இன்னொரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஈரத்துக்கும் தூசிக்கும் கல்லுக்கும் என்று அவர் கண்ணால் பார்த்துக் குறைக்கிற கழிவு, அது போக மிச்சம் தேறுவதுதான் சரக்கு. அந்தக் கழிவில் அவர் காட்டிய கறாரினால் லாரிக்காரர்கள் அவருக்குக் கழிவு என்றே பெயர் வைத்திருந்தார்கள். “கழிவு உள்ள இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டுதான் வண்டியை ஏற்றுவார்கள். அது அவருக்கும் தெரியும். பட்டம் கிடைத்த மாதிரி வைத்துக்கொண்டார். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை. சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்கள் உண்டு, சீட்டு மாறியதில்லை. மேடை தப்பாகக் காட்டலாம், மழை தப்பான நேரத்தில் பெய்யலாம், தான் தப்பாக எழுதக் கூடும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அப்படிப்பட்டவர் கடல் தாண்டிப் போனது ஊர் பார்க்க அல்ல. மகளுக்கு ஜனவரியில் பிரசவம். அவர் மனைவி போயே தீருவேன் என்று நின்றாள். அவளுக்கு விமான நிலையத்தில் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் அவர் கிளம்பினார். உண்மை வேறு. ஏழு வருஷமாக மகள் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. சண்டையெல்லாம் போடவில்லை. அம்மாவிடம் வாரம் தவறாமல் போனில் பேசுவாள், “அவங்க பிபி மாத்திரை ஒழுங்காப் போடறாங்களா?” என்று விசாரிப்பாள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டாள். விமான நிலையத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோதும், “வாங்க. குளிருதா? இந்தக் கோட்டைப் போட்டுக்குங்க” என்றாள். கார் வீடு போய்ச் சேருவதற்குள், அப்பா என்ற சொல் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒன்பது இடங்களை அவர் எண்ணிவிட்டார். ஒன்பதும் காலி. அவருக்கு அந்தச் சொல் வேண்டும். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க அவருக்கு வராது. எனவே காரை விட்டு இறங்கியதும், “இதுதான் வீடா? எங்க பக்கம் கோழிக்கு இதைவிட அகலமாக் கட்டுவாங்க” என்றார்.

அந்த ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸை ஒரு நாளோடு விடுகிறவர்கள் அல்ல, ஒரு மாதம் இழுக்கிறவர்கள். டிசம்பர் பிறந்ததும் சுவரில் மாட்டிய படங்களையெல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். வருஷம் முழுக்க வருகிறவர் போகிறவரைப் பார்த்துக் களைத்த முகங்களுக்கு ஓய்வாம். ஒவ்வொரு வீட்டுக் கூரைக்கும் ஓர் ஏணி சாய்த்து வைத்தார்கள். காலையில் பார்த்தால் கீழ்ப்படிகள் மூன்றில் மட்டும் ஈரக் காலடி இருக்கும், யாரோ ஏறத் தொடங்கி மனம் மாறித் திரும்பிப் போன மாதிரி. தபால்காரி அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கடிதம் போடுவாள். ஜன்னல் தோறும் ஒற்றை ஷூ வைத்தார்கள். விடிந்ததும் அதற்குள் வெதுவெதுப்பான கூழாங்கல் ஒன்று கிடக்கும், அதைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். இதையெல்லாம் பார்த்து எடைமேடைக்காரருக்கு ஆச்சரியம் வரவில்லை, இளக்காரம்தான் வந்தது. “இன்னொரு ஷூ எங்க? கல்யாண வீட்டுல தொலைச்சிட்டாங்களா?” என்று கேட்டார். “வேலைவெட்டி இல்லாத ஊரு. ஏணியச் சாத்தி வச்சுட்டு யாரு ஏறுனதுன்னு பாக்கறாங்க” என்றார். மகள் அவருக்குக் காபி கலந்து கொடுத்தாள், சர்க்கரை சரியாக இருந்தது.

மருமகன் அந்த ஊர்க்காரர், பல் செட் செய்கிறவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரி நிறைய ஊர்க்காரர்களின் வாய்கள் பிளாஸ்டர் அச்சுகளாக வரிசையில் இருந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் எண். அவர் விரலிடுக்கில் எந்நேரமும் வெள்ளைத் தூள். தமிழ் முழுவதையும் மனைவியிடம் கற்றதால், ஒரு பெண்டாட்டி புருஷனிடம் சொல்லக்கூடியது மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது. மாமனாரை வாசலில் கண்டதும் இரண்டு கையாலும் கையைப் பற்றி, மிகுந்த மரியாதையோடு, “ஈரத் துண்டு கட்டில் மேலே வேண்டாம்” என்றார். வணக்கம், நன்றி, சாப்பிட்டாயிற்றா என்ற மூன்றுக்கும் அதையே பொதுவாக வைத்திருந்தார். அதையும் தட்டித் தடவித்தான் சொன்னார். “பல்லு கட்டறவருக்கு நாக்கு வளைய மாட்டேங்குதே” என்று எடைமேடைக்காரர் மனைவியிடம் சொன்னார், அவர் காதுபடவே.

வைக்கோல் ஆடு முன்னறையில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒன்று நிற்கும். முழங்கால் உயரம், சிவப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கழுத்து, கண்ணுக்குப் பதில் இரண்டு கறுப்புப் பித்தான்கள். வந்த அன்றைக்கே எடைமேடைக்காரர் அதை வழியை விட்டு நகர்த்தி வைக்கப் போனவர், கையில் கனத்தைப் பார்த்து நின்றுவிட்டார். குளியலறையிலிருந்து எடை மிஷினை எடுத்து வரச் சொன்னார். பதினொரு கிலோ காட்டியது. “இந்த உயரத்துக்கு மூணு கிலோவுக்கு மேல இருக்க நியாயமே இல்ல. உள்ள எட்டு கிலோ ஈர மணல் போட்டிருக்கான். கடைக்காரன் உங்க தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான்” என்றார். மகள் தாழ்ந்த குரலில், “அது முன்னாடி அப்படிப் பேசக் கூடாது. தின்னுடும்” என்றாள். எதைத் தின்னும் என்று கேட்டார். “இளக்காரமாப் பேசறதை” என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் மிஷினின் முள் பதினொன்றே காலுக்கு நகர்ந்தது. வைக்கோல் குளிரில் ஈரம் இழுக்கிறது என்று விளக்கம் சொல்லிவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, காலி எடை பதினொன்று, மணல் எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அதன் பிறகு தினமும் ஒரு சீட்டு ஒட்டினார். தொழில் புத்தி போகுமா.

பனியைப் பார்த்து, “வானத்துக்குக்கூட இங்க சுரத்து இல்ல, சத்தமில்லாமப் பெய்யுது” என்றதற்கு நானூறு கிராம் ஏறியது. ரொட்டியைத் தட்டிப் பார்த்து, “மருமகன் பல்லு விக்கறதுக்குத்தான் இதை இப்படிச் சுடறாங்க போல” என்றதற்கு ஒன்றரைக் கிலோ. மகள் பிரசவப் பயிற்சிக்குப் போய் வந்து, மருமகனும் கூடவே உட்கார்ந்து மூச்சு இழுத்து விடப் பழகுகிறார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு எடைமேடைக்காரர் சொன்னது இங்கே எழுதத் தக்கதல்ல, மூன்று கிலோ எழுநூறு. ஆடு முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. இரண்டாவது வாரம் ஒரு மிஷின் தாங்கவில்லை. மருமகன் இன்னொன்று வாங்கி வந்தார். எடைமேடைக்காரர் லாரியின் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுகிற முறைப்படி முன்னங்கால்களை ஒன்றிலும் பின்னங்கால்களை இன்னொன்றிலும் ஏற்றிக் கூட்டிக்கொண்டார். மணலைக் கண்டுபிடித்தே தீருவது என்று பட்டறையிலிருந்து பல் குத்தும் கம்பியைக் கொண்டு வந்து ஆட்டின் வயிற்றில் பன்னிரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். வைக்கோலைத் தவிர ஒன்றும் வரவில்லை. “நல்லா ஒளிச்சிருக்கான்” என்றார். ஆடு மூன்றாவது வாரம் சோபாவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றது. கொம்பு விளக்கில் இடித்தது. மனைவி அதன் முதுகில் பனியன்களைக் காயப் போட்டாள், சீக்கிரம் காய்ந்தன.

நகராட்சியிலிருந்து வாரம் ஒரு முறை ஒருத்தி வந்து ஆடுகளைப் பார்த்துவிட்டுப் போவாள். கையில் நோட்டும் தையல்காரர் டேப்பும் இருக்கும், எடை பார்க்க மாட்டாள். எடை பார்க்காத அதிகாரியை எடைமேடைக்காரர் எப்படி மதிப்பார்? “டேப்பை வச்சு என்ன பண்ணப் போறா, ஜாக்கெட் தைக்கப் போறாளா” என்றார். அதை ஆடு தின்னும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆட்டின் வயிற்றில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தண்ணீர் வரி விதிகளைச் சொல்வது போல விதிகளைச் சொன்னாள், மகள் தமிழில் சொன்னாள். நான்கு வாரம் ஆடு தின்னும். கிறிஸ்துமஸ் காலை மணி அடித்ததும் எழுந்து நடந்து வாசலைத் தாண்டிப் போய்விடும். சில்லறைக் கேலிகள் அதற்குள் செரித்துவிடும். செரிக்காதது வயிற்றில் இருந்தால் நிலைப்படி வரை போகும், தாண்டாது, திரும்பி வந்து அடுத்த டிசம்பர் வரை வீட்டிலேயே நின்று தின்றதை எடுத்து எடுத்து அசை போடும். எவர் சொன்னதோ அவர் குரலிலேயே அசை போடும். சொன்னவர் அதன் காதில், இது நான் சொன்னது, திருப்பிக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டால் ஒழிய வேறு வழி கிடையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவள் மகளைப் பார்த்து மட்டும் நீளமாக ஏதோ கேட்டாள். “என்ன கேக்கறா?” என்றார் இவர். “ஒண்ணுமில்ல, உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க” என்றாள் மகள். ஏற்றிய சரக்குக்கும் இறக்கிய சரக்குக்கும் வித்தியாசம் இருப்பதை எடைமேடைக்காரர் கவனித்தார். ஆனால் பெண்பிள்ளைகள் விஷயம் என்று விட்டுவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், வீட்டுக்காரர் எழுந்து நின்று விருந்தாளிக்குத் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல வார்த்தையைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மருமகன் பட்டறை ஏப்ரனைக் கழற்றிவிட்டு, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆட்டின் பிட்டத்துக்கும் மேஜைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு எழுந்து நின்றார். மாமனாரைப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல், தட்டாமல் தடுமாறாமல் சொன்னார்: “இருபத்தாறு வருஷம் வளத்ததுல கழிவு போக ஒண்ணும் தேறல.”

சொன்ன குரல் எடைமேடைக்காரருடையது. கழிவு என்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமும் அந்தச் செருமல்கூட இருந்தது. முடித்ததும் மருமகன் வாயைக் குவித்து, லாரி பின்பக்கமாக வரும்போது அடிக்கிற பீப் ஒலியை மூன்று முறை ஒலித்தார், ஆசீர்வாதத்தின் கடைசி வரி அதுதான் என்று நினைத்திருந்ததால். பிறகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ரொட்டியை எடுத்தார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே போல ஒரு டிசம்பரில், கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது என்று மகள் இந்த வீட்டிலிருந்து எடைமேடை அறைக்குப் போன் செய்தாள். மருமகனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எடைமேடைக்காரர் ஒரு வாக்கியம் சொன்னார், பிறகு மேடைக்குப் பின்பக்கமாக வந்த ஒரு லாரியைப் பார்க்கப் போய்விட்டார். மனைவியிடம் லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். மனைவி இப்போது கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

“லைன் கட்டாயிடுச்சுன்னு சொன்னீங்க.”

“கட்டாச்சு.”

“எப்போ கட்டாச்சு, சொன்ன பின்னாடியா?”

அவர் தண்ணீர் குடித்தார். மகள்தான் பேசினாள், பேப்பரில் வந்த செய்தியைப் படிப்பது போல. “வருஷத்துல பதினோரு மாசம் அது இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கும். சமையல் பண்றப்போ, பல்லு தேய்க்கறப்போ, எப்பவும். இவர் அர்த்தம் கேட்டார். கல்யாணத்துக்கு எங்க ஊர்ல பண்ற ஆசீர்வாதம்னு சொல்லி வச்சிருக்கேன். வேற என்ன சொல்றது.” வயிற்றைத் தடவினாள். “எனக்குப் பழகிடுச்சு. பொறக்கப் போறது முதல்ல கேக்கப் போற தமிழ் அதுதான், அதை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு.”

அப்போதே அவர் எழுந்து ஆட்டின் காதருகே போயிருக்கலாம். போகவில்லை. “வைக்கோலாவது பேசறதாவது. இவளுக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னா, அந்தப் பல்லுக்காரனுக்குமா” என்று இரண்டு நாள் அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பேசினார். அந்த இரண்டு நாளில் மட்டும் ஆடு இருபது கிலோ ஏறியது. பின்பக்கம் சமையலறைக்குள் போய்விட்டதால் ஃபிரிட்ஜைத் திறக்க அதன் வாலைத் தூக்க வேண்டியிருந்தது. மனைவி அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டு, “சாப்பிடறதுன்னா தட்டு அங்க இருக்கு” என்று சுவரிடம் சொன்னாள். மருமகனுக்கு அர்த்தத்தை யார் சொன்னார்களோ தெரியாது, அவர் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே நாளில் நான்கு பல் செட்டுகளை முடித்தார்.

இருபத்து நான்காம் தேதி காலை எடைமேடைக்காரர் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த சீட்டுகளையெல்லாம் பிய்த்து மேஜையில் பரப்பினார். யாரும் சொல்லி அல்ல. வித்தியாசம் தீராத கணக்கோடு அவரால் உட்கார முடியாது. நாள்வாரியாக ஏறியதைக் கூட்டினார், நூற்றியொன்று. எந்த நாளில் என்ன சொன்னார் என்பதும் அவருக்கு நினைவிருந்தது. நூற்றியொன்றுக்கும் ஆள் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டில் அது போனால் பதினொன்று. வைக்கோல் மூன்று. மிச்சம் எட்டு. மணல் இல்லை என்று கம்பி பன்னிரண்டு முறை சொல்லியாகிவிட்டது. முதல் சீட்டைக் கையில் எடுத்தார். காலி எடை பதினொன்று என்று அவர் கையெழுத்தில் இருந்தது. காலி எடை போடும்போது வண்டிக்குள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பது எடைமேடை வேலையின் அரிச்சுவடி. அவர் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தது அவரேதான், ஏழு வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு வாக்கியத்தில். முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் எழுதிய முதல் தப்பான சீட்டு அது என்று அவர் ஒப்புக்கொள்ள முற்பகல் முழுவதும் ஆனது.

பிறகு ஆட்டின் காதருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “ரொட்டியப் பத்திச் சொன்னது நான். குடு” என்றார். ஆடு இருமி, ஒரு பிடி வைக்கோலை அவர் மடியில் போட்டது. “பனியப் பத்திச் சொன்னது நான். குடு.” இப்படியே ஒவ்வொன்றாக வாங்கினார், கடைசி வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கிறவரின் எரிச்சலோடு. நடுவில் ஒரு முறை, “இந்த வேலையப் பாத்துட்டுப் போறதுக்கா விசா வாங்கினேன்” என்று சொல்லி, வாங்கியதில் அரைக் கிலோவைத் திரும்ப அதற்கே கொடுத்துவிட்டு, மறுபடியும் கேட்டு வாங்கினார். நகராட்சிக்காரியைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்க மட்டும் மனம் வரவில்லை, கடைசியில் அதையும் வாங்கினார். மனைவி வைக்கோலைக் கூட்டி அள்ளிக் கோணியில் கட்டினாள், ஏழு கோணி வந்தது. சாயங்காலத்தில் சோபா பழைய இடத்துக்கு வந்தது, ஆடு முழங்கால் உயரத்துக்கு வந்தது. மிஷினில் ஏற்றினார், பதினொரு கிலோ. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, முதுகு வலிக்கிறது என்று படுக்கப் போனார். மகள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்ததை மனைவி பார்த்தாள்.

கிறிஸ்துமஸ் காலை எட்டு மணிக்கு மணி அடித்தது. தெருவில் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன, வைக்கோல் ஆடுகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கிப் பனியில் கால் பதியாமல் நடந்து போயின. ஊர்க்காரர்கள் அவை போவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்கள். இந்த வீட்டு ஆடும் எழுந்தது. நிலைப்படி வரை நடந்தது. முன்னங்கால் இரண்டையும் படியில் வைத்துவிட்டு நின்றது. மகள் ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. முந்தைய வருஷங்களில் எவ்வளவு நேரம் திறந்து வைத்துவிட்டுச் சாத்த வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கம். கதவை மெல்ல இழுக்கத் தொடங்கினாள்.

எடைமேடைக்காரர் அப்போது பனியனோடு வந்து, முட்டி மடங்காத காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டார். காதில்தான் சொன்னார் என்றாலும் லாரிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல், வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

“இருபத்தாறு வருஷம் வளத்ததுல கழிவு போக ஒண்ணும் தேறலன்னு சொன்னது நான்தான். அந்த எடை தப்பு. மேடையில கோளாறு இல்ல. போட்டவன்தான் தப்பாப் போட்டான். குடு.”

ஆடு வெகு நேரம் இருமியது. கடைசியில் ஒரு வைக்கோல் வந்தது. பிடி அல்ல, ஒரே ஒரு வைக்கோல், ஒரு சாண் நீளம், ஏழு வருஷம் மென்றதில் மழுங்கிப் பளபளத்துப் போயிருந்தது. தரையில் விழுந்த இடத்தில் ஓடு விரிசல் விட்டது. ஆடு படி தாண்டி இறங்கி, மற்ற ஆடுகள் போன வழியில், திரும்பிப் பார்க்காமல் போயிற்று. எடைமேடைக்காரர் வைக்கோலை எடுக்கக் குனிந்தார்.

“அப்பா, ஒத்தைக் கையால தூக்காதீங்க. இடுப்புப் பிடிச்சுக்கும்” என்றாள் மகள்.

அவர் இரண்டு கையாலும் தூக்கினார். எட்டு கிலோ என்று மிஷின் இல்லாமலே தெரிந்தது. கண் கலங்கியதைக் குளிரின் தலையில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அவள் சாத்தினாள். மருமகன் பட்டறையிலிருந்து வந்து, நிலைமையைப் பார்த்து, “ஈரத் துண்டு கட்டில் மேலே வேண்டாம்” என்றார். இவரும், “வேண்டாம் மாப்ள” என்றார்.

ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ நூறு. எடை போட்டவர் தாத்தா; கழிவு எதுவும் குறைக்கவில்லை. ஏழு கோணி வைக்கோலைப் பக்கத்துத் தெருக் குதிரைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஒற்றை வைக்கோலை எடைமேடைக்காரர் சட்டைகளுக்கு நடுவில் வைத்து ஊருக்குக் கொண்டு வந்தார். விமான நிலையக் கவுன்டரில் பெட்டி எட்டு கிலோ கூடுதலாக இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வைக்கோலைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இப்போது அது எடைமேடை அறையில், மூட்டைகள் போடும் சின்னத் தராசுக்குப் பக்கத்தில், ஆணியில் மாட்டாமல் கீழேயே கிடக்கிறது, ஆணி தாங்காது என்பதால். காலையில் தராசைச் சரிபார்க்க அவர் அதைத்தான் வைக்கிறார். எடையளவுத் துறை ஆய்வாளர் வருஷ சோதனைக்கு வந்தபோது அதைத் தன் தராசிலும் வைத்துப் பார்த்தார், எட்டுக்கு ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருப்பதிலேயே சின்ன முத்திரையைத் தேடியெடுத்துக் குத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எடைமேடைக்காரர் நான்கு சீட்டுகளைத் திருத்தியிருக்கிறார். லாரிக்காரர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள். பெயர் என்னவோ இன்னும் கழிவுதான்.

அடுத்த டிசம்பரில் மகள் போன் செய்தாள். குழந்தை நடக்கிறது, வைக்கோல் ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றாள். ஆட்டின் எடை என்ன என்று அவர் கேட்டார். மூன்று கிலோ இருநூறு என்றாள். அந்த இருநூறு கிராம் யாருடையது என்று கறாராக விசாரித்தார்.

“உங்களதுதான்பா. முந்தாநேத்து ஸ்பீக்கர்ல ஏணியப் பத்திப் பேசினீங்களே.”

அவர் போனை வைத்துவிட்டு, சீட்டுக் கட்டில் ஒன்றைக் கிழித்து, தேதி போட்டு, இருநூறு கிராம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். வெளியே ஒரு லாரி பின்பக்கமாக மேடையில் ஏறிக்கொண்டிருந்தது.